64 புயல்ல தலைமன்னார் கப்பல் முழுகிச்சா?

மஸ்கெலியா பையன்:
எங்க அம்மாயிக்கு 86 வயசு, டிவில புயல்னு சொன்னாலே எந்திரிச்சி உள்ள போயிரும். அதோட தம்பி 64 புயல்ல, தனுஷ்கோடிக்கும் இலங்கைக்கும் ஓடுன தலைமன்னார் கப்பலோட போயிட்டாராம். தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புன சாஸ்திரி ஒப்பந்தத்துல போன ஆளுன்னு மாமா சொல்றாரு. நெட்ல தேடுனா கப்பலே வரல, ரயிலுதான் வருது. யாருக்காச்சும் தெரியுமா?

நானுஓயா:
மாமா கணக்கு இடிக்குதே தம்பி. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதே 1964 அக்டோபர் 30ல, புயல் டிசம்பர் 22 ராத்திரி, ரெண்டு மாசங்கூட ஆகல, நம்ம ஆளுங்க கூட்டங்கூட்டமா போனது 70கள்லதான். அன்னிக்கு கடல் கொண்டு போனது பாம்பன்ல இருந்து தனுஷ்கோடிக்குப் போன 653 பாசஞ்சர் ரயில. தனுஷ்கோடி கிட்ட சிக்னல் விழல, டிரைவர் கொஞ்ச நேரம் பாத்துட்டு விசிலடிச்சி எடுத்துட்டாருன்னு சொல்லுவாங்க, அலை வந்து பெட்டியோட அள்ளிருச்சி, 100 பேருக்கு மேல, ஒருத்தரும் மிஞ்சல. ஒன்னு கவனிங்க, அந்த ரயிலு சிலோன் கப்பல் பொறப்படுற தனுஷ்கோடி கப்பல்துறைய பாத்து போனது. இங்கருந்து போய் எறங்குனவரு அதுல இருக்க மாட்டாரு. இந்தியாவுல ஊருக்குப் போயிட்டு சிலோனுக்குத் திரும்புனவருன்னா இருக்கலாம். அம்மாயிகிட்ட அத கேளுங்க.

பதுளை அக்கா:
எங்க ஆளுங்களுக்கு ஊருக்குப் போறதுனாலே கப்பல்தானே, அதான் அப்பிடி சொல்லியிருப்பாங்க. புயலுக்குப் பொறவு தனுஷ்கோடியே இல்ல, கப்பல் ராமேஸ்வரத்துல இருந்துதான் ஓடுச்சி. எங்க சின்னம்மா 70கள்ல ராமானுஜம் கப்பல்ல போனது, தலைமன்னார் தாண்டுனதுல இருந்து கரை வரைக்கும் வாந்தியாம். நல்ல கடலுக்கே அப்பிடி.

மஸ்கெலியா பையன்:
கேட்டேன் அண்ணா. போறப்ப இல்லையாம், திரும்பி வர்றப்பதானாம். துறையூர் பக்கம் பொண்ணு பாக்க போனவரு, "தைப்பொங்கலுக்கு தோட்டத்து லயத்துக்கு வந்துருவேன்"னு கடுதாசி போட்டாராம். கடுதாசி வந்து சேந்தது புயலுக்குப் பொறவு. அதனால உசுரோட இருக்காருன்னு நெனச்சி பொங்கலுக்கு அவருக்கும் சேத்து ஒரு தட்டு வச்சிருக்காங்க. எந்த ரயில்னு அதுக்குத் தெரியல. கடுதாசிய தகரப்பெட்டில தேடிக்கிட்டு இருக்கு, முத்திரையில தேதி இருந்தா போட்டோ போடுறேன்.