அக்கீ: மரத்திலேயே வாய் திறந்தால்தான் அடுப்புக்கு

கிங்ஸ்டன், ஜமைக்காவிலிருந்து:

இங்கே வேலைக்கு வந்த நம் ஆட்கள் அடிக்கடி கேட்பது இது. வாடகை வீட்டு வாசலில் அக்கீ மரம் (இதன் பழச் சுளையை இங்கே கறியாகச் சமைப்பார்கள்) சிவக்கச் சிவக்கக் காய்த்து நிற்கிறது, பறிக்கலாமா? சிவந்துவிட்டது என்பதற்காகப் பறிக்காதீர்கள். காய் நன்றாகச் சிவந்த பிறகும் சில நாள் மூடியே இருக்கும். அது மரத்தில் இருக்கும்போதே தானாக மூன்று பக்கமும் விரிந்து, உள்ளே மஞ்சள் சுளையும் அதன் தலையில் பளபளப்பான கறுப்பு விதையும் வெளியே தெரிய வேண்டும். அதற்கு முன்னால் சுளையில் ஹைப்போகிளைசின் என்ற நச்சு மிக அதிகம். மூடிய காயைக் கத்தியால் பிளந்து எடுப்பது, விரியாமல் கீழே விழுந்ததைப் பொறுக்குவது இரண்டும் கூடவே கூடாது.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் எங்கள் வீட்டுக்கார அம்மா. துறட்டியோடு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, விரிந்ததை மட்டும் இழுப்பார். பக்கத்திலேயே பாதி விரிந்தது தொங்கும், அதைத் தொட மாட்டார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து சுத்தம் செய்வோம். விதையைத் திருகி எடுத்து எறிய வேண்டும், பழம் எவ்வளவு பழுத்தாலும் விதை விஷம்தான். அடுத்து சுளையின் மடிப்பை விரலால் பிரித்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதை நுனியில் பிடித்து முழுசாக உரித்தெடுக்க வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. அவசரக்காரர்கள் இதில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

சுத்தம் செய்த சுளையை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவோம். அதை வேறு எதற்கும் எடுப்பதில்லை. காயாகப் பறித்ததை எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் நம்பிச் சாப்பிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் சமையல். உப்புக்கண்டம் போட்ட காட் மீனை இரவே ஊறவைத்து, உப்பு போக வேகவைத்து உதிர்த்துக்கொள்ள வேண்டும். வெங்காயம், தக்காளி, தைம் இலை, காரமான ஸ்காட்ச் பானெட் மிளகாய் வதக்கி, மீனைப் போட்டு, கடைசியில் அக்கீ. கரண்டியால் கிளறினால் குழைந்துவிடும், சட்டியைக் குலுக்கினால் போதும். இதுதான் இந்த நாட்டின் தேசிய உணவு. சுளை வாயில் வெண்ணெய்போலக் கரையும், இனிப்பு என்று எதுவும் இருக்காது. பழம் என்று நினைத்துக் கடித்தவர்கள் முதலில் திகைப்பார்கள்.

தெற்கு ஃப்ளோரிடாவிலிருந்து:

கிங்ஸ்டன் அக்கா சொன்னதோடு அக்கீ வளர்ப்பு பற்றிக் கொஞ்சம். இதன் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா, 18ஆம் நூற்றாண்டில் அடிமைக் கப்பல்களோடு ஜமைக்கா போனது. ஆகவே சூடும் ஈரமும்தான் அதற்குப் பிடிக்கும். உறைபனி ஒரு இரவு விழுந்தாலும் இளங்கன்று கருகும். எங்கள் கன்றைக் குளிர் இரவுகளில் போர்வை போட்டு மூடித்தான் காப்பாற்றினோம். விதை போடுபவர்கள் பழத்திலிருந்து எடுத்ததும் உடனே ஊன்றுங்கள், காயவைத்தால் முளைக்காது. விதைக் கன்று காய்க்கச் சில வருஷம் ஆகும், ஒட்டுக் கன்று சீக்கிரம் காய்க்கும். சுளை மிருதுவாக இருப்பதை 'பட்டர்' என்றும் கெட்டியாக இருப்பதை 'சீஸ்' என்றும் ஜமைக்காக்காரர்கள் பிரிக்கிறார்கள். சமைத்தபின் உடையாமல் நிற்பது சீஸ்தான், எங்கள் வீட்டில் அதற்கே ஓட்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மரத்தடியை தினமும் பெருக்குங்கள், கறுப்பு விதை பார்க்க விளையாட்டுப் பொருள் மாதிரியே இருக்கும்.

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் ஒருவரிடமிருந்து:

பிள்ளைகள் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இந்த நச்சு, உடம்பு கொழுப்பை எரித்துச் சக்தி எடுப்பதையும் புதிதாகச் சர்க்கரை உண்டாக்குவதையும் தடுக்கிறது. அதனால் ரத்தச் சர்க்கரை சடாரென விழும். சில மணி நேரத்தில் வாந்தி, அப்புறம் சோர்வு, வலிப்பு, நினைவிழப்பு வரை போகும். சரியாகச் சாப்பிடாத, மெலிந்த குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். அக்கீ சாப்பிட்டபின் வாந்தி வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். என்ன சாப்பிட்டது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், குளுக்கோஸ் ஏற்றுவதில் தாமதம் இருக்கக் கூடாது.

லிச்சியும் அக்கீயின் தாவரக் குடும்பம்தான். பீகாரின் முசாஃபர்பூரில் குழந்தைகளுக்கு வந்த மூளைப் பாதிப்பை ஆராய்ந்தவர்கள், லிச்சி தின்றதோடும் இரவு சாப்பாடு இல்லாமல் படுத்ததோடும் அதற்குத் தொடர்பு இருப்பதை 2017இல் வெளியிட்டார்கள். அங்கேயும் கண்டது ஹைப்போகிளைசினும் அதன் உறவுப் பொருளும்தான்.

மீண்டும் கிங்ஸ்டன்:

டொராண்டோ, லண்டன் பக்கம் இருப்பவர்கள் கரீபியன் கடைகளில் டின் அக்கீ வாங்கலாம். அமெரிக்கா 1973இல் இறக்குமதியை நிறுத்தி, 2000 முதல்தான் பரிசோதனையில் தேறிய நிறுவனங்களின் டின்களை உள்ளே விட்டது. அதனால் பெயர் தெரியாத, லேபிள் இல்லாத சரக்கை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். டின்னில் இருப்பது ஏற்கெனவே வெந்தது. தண்ணீரை வடித்துவிட்டு, மீன் தயாரான பிறகு சேர்த்து இரண்டு நிமிஷம் சூடு காட்டினால் போதும்.