மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சவங்க இருக்கீங்களா?

வணக்கம். வேலூர்ல மேல்மாடி வாடகை வீடு, ஏசி கிடையாது. பகலைக்கூடச் சமாளிச்சிடலாம், கான்கிரீட் தளம் நாள் முழுக்கக் குடிச்ச வெயிலை ராத்திரிதான் கக்குது. ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளுது. பாப்பா முதுகு பூரா வேர்க்குரு. சாயங்காலம் மாடியில ரெண்டு குடம் தண்ணி ஊத்திப் பார்த்தேன், அரை மணி நேர ஆறுதல்தான். இங்க தண்ணியும் தாராளமில்ல. ஜன்னல்ல வெட்டிவேர் தட்டி கட்டினேன். புழுக்கமான நாள்ல அதுவும் எடுபடல.

சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்காரர் ஒருவழியா சம்மதிச்சிட்டார் (செலவு என்னுதுதான்!). 600 சதுர அடிக்கு எத்தனை கிலோ வேணும்? ஃபெவிகால் கலந்தா மழைக்குத் தாங்குமா? இல்ல, கூல் ரூஃப் பெயிண்ட்டே மேலா? மே 4 கத்திரி தொடங்குறதுக்குள்ள முடிக்கணும். அடிச்சுப் பார்த்தவங்க சொல்லுங்க.