அப்டேட்: ஏஎம்சி அப்பர் பிரைமரி கடைசி 5 கேள்வி – வழி கிடைச்சிருச்சு

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பின்னாடி தேடி வர்றவங்களுக்காக விவரம்: ஆஸ்திரேலியன் மேத்தமேட்டிக்ஸ் காம்பெடிஷன், 5, 6ஆம் வகுப்பு பேப்பர், 60 நிமிஷத்துல 30 கேள்வி. 26ல இருந்து 30 வரைக்கும் சாய்ஸ் கிடையாது, 0 முதல் 999 வரை ஒரு முழு எண்ணை நாமளே எழுதணும், மார்க்கும் 6, 7, 8, 9, 10னு ஏறும். பொண்ணு அங்கதான் நின்னுடறா, என்ன பண்ணலாம்னு முன்னாடி இங்க கேட்டிருந்தேன்.

மாட்டின கணக்கு, 1ல இருந்து 999 வரை எழுதினா 7 எத்தனை தடவை வரும்? சின்னதா ஆரம்பிங்கன்னு நிறைய பேர் சொன்னீங்க, அதுவும் உதவுச்சு, 99 வரைக்கும் 20னு அவளே கண்டுபிடிச்சா, ஆனா அதுக்கு மேல போனா 77, 777ல குழம்பிட்டா. உண்மையில வேலை செஞ்சது முன்னாடி பூஜ்யம் போட்டு 000ல இருந்து 999 வரை எழுதச் சொல்லி இங்க பதில் போட்ட ஒரு அக்காவோட ஐடியாதான். 1000 எண், ஒவ்வொண்ணுலயும் 3 இலக்கம், மொத்தம் 3000, பத்து இலக்கமும் சமமா வரும், அப்போ 300. அவ்ளோதான்!

எதிர்பார்க்காதது என்னன்னா, அப்போ 0வும் 300 தானான்னு அவளே கேட்டா பாருங்க. இல்ல, நாம சும்மா சேர்த்த பூஜ்யத்தைக் கழிக்கணும்: 000க்கு 3, ஓரிலக்க எண்ணுக்கு 18, ஈரிலக்கத்துக்கு 90, மொத்தம் 111, மிச்சம் 189. எனக்கென்னமோ முதல் கேள்வியை விட இதுதான் நல்ல கணக்குன்னு தோணுது.

ஃபார்முலா மனப்பாடம் பண்ண வைக்கச் சொன்ன யோசனைய நாங்க தொடவே இல்ல.