எல்லாக் குட்டிகளையும் ஒரே நேரத்தில் காட்டத்தான் வேண்டுமா?

வாசற்காவல்:
“குட்டி வாங்க வருகிறவருக்குத் தாய்நாயோடு எல்லாக் குட்டிகளையும் ஒரே இடத்தில் காட்ட மறுக்கிறவர் திருடராகவோ ஏமாற்றுக்காரராகவோதான் இருப்பார், அந்த வாசலிலிருந்து அப்படியே திரும்பிவிடுங்கள்” என்று பால்மணம் நேற்று இங்கே எழுதியதைப் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் கூடியது. இதை எழுதியவர் ஓர் ஈற்றுக் குட்டிகளையாவது வளர்த்து, விலை பேசி, முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் விட்டிருப்பாரா? நான் விட்டிருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் எல்லாக் குட்டிகளையும் காட்டியும் இருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், காட்டாதீர்கள்.

ஏழு குட்டிகள். ஆறு வாரம் முடிந்திருந்தது. தம்பதி என்று சொல்லிக்கொண்டு இருவர் வந்தார்கள். தாயின் நடையைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டதால் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். மற்றவர் குட்டிகளின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகு எண்ணினால் ஐந்துதான் இருந்தன. விரிப்பின் மூலையில் இரண்டு குட்டிகள் ஒட்டிப் படுத்திருந்த குழி அப்படியே இருந்தது. கையை வைத்தபோது இன்னும் சூடு ஆறவில்லை. அன்றிரவு முழுவதும் தாய் அந்த விரிப்பை மூக்கால் புரட்டிப் புரட்டித் தேடியது. காலையில் அதன் பின்காம்பு ஒன்று பால் கட்டிக் கல்லாக இறுகிக் கிடந்தது.

அன்று முதல் என் வழக்கம் ஒன்றுதான். வருகிறவர் முன்னால் தாய் இருக்கும், தாயின் பக்கத்தில் ஒரே ஒரு குட்டி இருக்கும். மற்றவை தாழிட்ட அறையில் இருக்கும். இதற்காக என்னைத் திருடன் என்று ஒருவர் சொல்வாரானால், அவர் நேரில் வந்து அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பால்மணம்:
உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் நான் எழுதியதிலிருந்து ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன். நான் ஈற்று வளர்த்ததில்லை என்பது சரிதான். வாங்கியிருக்கிறேன், வாங்கியதைப் புதைத்தும் இருக்கிறேன்.

எனக்கு விற்றவரும் ஒரு குட்டியைத்தான் காட்டினார். தாய் மருத்துவரிடம் இருக்கிறது, மற்ற குட்டிகள் தூங்குகின்றன என்று சொல்லி, வண்டியின் பின்னிருக்கையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். ஐந்தாம் நாள் இரத்தமாகப் போகத் தொடங்கியது. பார்வோ என்றார் மருத்துவர், குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்றுநோய். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தவர், மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டு எங்கே என்று கேட்டார். அட்டையில் சீட்டு இல்லை, பேனாவால் எழுதிய ஒரு தேதி மட்டும் இருந்தது. அந்தக் கேள்வியை நான் வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

எல்லாக் குட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவை ஒரே ஈற்றா என்பது தெரியும். வெவ்வேறு இடங்களில் திருடிச் சேர்த்த குட்டிகளானால் ஒன்றுக்கு முன்பல் முழுதாக வந்திருக்கும், இன்னொன்றுக்கு அப்போதுதான் ஈறு கிழிந்திருக்கும். ஒன்று மட்டும் மூலையில் சுருண்டு கிடந்தால் நோய் இருக்கிறது என்பதும் புரியும். ஒரு குட்டியை மட்டும் காட்டுகிறவர் இவை அனைத்தையும் மறைத்துவிடுகிறார்.

வாசற்காவல்:
உங்களுக்கு விற்றவர் தாயைக் காட்டவில்லை. நான் காட்டுகிறேன். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் உரிமம் பெற்று நாய் வளர்ப்பவர்களுக்கான 2018ஆம் ஆண்டு விதிகள், வாங்க வருகிறவருக்குக் குட்டியைக் காட்டும்போது அதை ஈன்ற தாயோடு சேர்த்தே காட்ட வேண்டும் என்கின்றன. 2020 ஏப்ரல் முதல் அங்கே ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர்கள் வணிகமாக விற்பதும் தடை செய்யப்பட்டுவிட்டது. வாங்குகிறவரின் பாதுகாப்பை மனத்தில் வைத்து எழுதிய விதிகளே தாயோடு காட்டு என்கின்றன. எல்லாக் குட்டிகளையும் காட்டு என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. எத்தனை குட்டி என்று அந்த விதியில் எங்கே இருக்கிறது? சொல்லுங்கள்.

மூன்றாம் ஈற்று:
இருவரும் சற்றுப் பொறுங்கள். நானும் விற்கிறவன்தான், எல்லாக் குட்டிகளையும் காட்டுகிறவன்தான். இதுவரை ஒன்றும் போனதில்லை. காரணம், ஆளை அளந்து பார்த்த பிறகுதான் வாசலைத் திறக்கிறேன். முதலில் காணொளி அழைப்பு. அதில் நான் குட்டிகளைக் காட்டுவேன், அவர்கள் தங்கள் வீட்டைக் காட்ட வேண்டும். நாய் எங்கே படுக்கும், பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பேன். உண்மையாக வளர்க்க நினைப்பவர் இதற்கெல்லாம் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். திருட வருகிறவருக்குப் பத்து நிமிடத்தில் பொறுமை போய்விடும். முகவரியைப் புறப்படும் நாளன்றுதான் தருவேன். இரண்டு பேருக்கு மேல் வரக்கூடாது, பகலில் மட்டும் வர வேண்டும், பைகளை வண்டியிலேயே விட்டுவிட வேண்டும். வீட்டில் என்னைத் தவிர இன்னொரு பெரியவர் இருப்பார், அவர் குட்டிகளை விட்டு நகரவே மாட்டார்.

வாசற்காவல் ஐயா, மனம் வருந்தாதீர்கள். நீங்கள் தனியாக இருந்தீர்கள், எழுந்தும் போனீர்கள். குட்டிகள் காணாமல் போனதற்குக் காரணம் அதுதான். எண்ணிக்கையின் மீது பழியைப் போடுவது நியாயமாகப் படவில்லை.

வாசற்காவல்:
வீட்டில் தனியாக இருப்பது குற்றம் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்னொரு பெரியவர் இல்லாத வீட்டில் நாய் ஈனவே கூடாதா? முதியவர் ஒருவர், துணைக்கு ஒரு நாய், அது போட்ட நான்கு குட்டிகள் என்று எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு உங்கள் காவற்படை எங்கிருந்து வரும்? ஒரு குட்டி மட்டும் முன்னால் இருந்தால் ஒருவரே இரண்டு கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஏழு குட்டிகள் ஏழு பக்கம் ஓடும்போது யாராலும் முடியாது.

மேலும், கண்டிப்பைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறவர் சென்ற ஆண்டு இதே இடத்தில் ஆறு வாரத்திலேயே குட்டியைக் கொடுத்துவிடலாம் என்று வாதாடியவர் என்பதையும் இங்கே எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் ஈற்று:
அது பால் வற்றிப்போன ஒரு தாயைப் பற்றிய கேள்விக்கு நான் சொன்ன பதில். எட்டு வாரம் வரை தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்தால்தான் கடியின் வேகத்தை அடக்கக் கற்கும் என்பதை நானும் அறிவேன். பழைய பேச்சைப் பாதியாக வெட்டி எடுத்துவந்து போடுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. தடுப்பூசி பற்றிய விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

செவிமடல்:
இவ்வளவு நீட்ட வேண்டிய தேவையே இல்லை. குட்டிகள் அனைத்துக்கும் மைக்ரோசிப் போட்டுவிட்டு, விற்கிறவரின் பெயரில் பதிவு செய்துவிட்டால் எல்லாவற்றையும் தாராளமாகக் காட்டலாம். திருடினாலும் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?

வாசற்காவல்:
கண்டுபிடிக்க முடியாது. சிப் என்பது தோலுக்கடியில் செலுத்தும், அரிசி மணியளவுள்ள ஒரு கண்ணாடிக் குழல். அதற்குள் மின்கலம் கிடையாது, இருக்கும் இடத்தை அது யாருக்கும் அறிவிக்காது. சில சென்டிமீட்டர் தொலைவில் படிப்பான் என்ற கருவியைக் கொண்டுவந்தால் 15 இலக்க எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். யாராவது அந்தக் குட்டியைப் பிடித்து, படிப்பானை வைத்து, எண்ணைப் பதிவேட்டில் தேடினால்தான் உங்கள் பெயர் வரும். குட்டி கைக்கு வந்தபின் இது என்னுடையது என்று நிறுவச் சிப் உதவும். போன குட்டியைத் தேடித் தராது. கட்டாயம் போடுங்கள், ஆனால் சிப் இருக்கிறது என்ற துணிச்சலில் எல்லாக் குட்டிகளையும் பரப்பி வைக்காதீர்கள்.

செவிமடல்:
நிறுவ உதவும் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நான் சொன்னதும் அதையே.

வாசற்காவல்:
நீங்கள் சொன்னது ‘கண்டுபிடித்துவிடலாம்’ என்பது. மேலே இருக்கிறது, படித்துப் பாருங்கள். நிறுவுவதைப் பற்றிப் பேசுவதானால் சிப்பைவிட உறுதியான வழியும் உண்டு. தாயின் கன்னத்து உட்புறத்திலிருந்தும் குட்டியின் கன்னத்திலிருந்தும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து மரபணுச் சோதனை செய்தால் இன்னார் ஈன்ற குட்டி என்பது தெளிவாகிவிடும். அதற்கும் முதலில் குட்டி கையில் இருக்க வேண்டும்.

நேர்க்கோடு:
படித்த வரையில் ‘காட்டுதல்’ என்ற சொல்லை இங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று தோன்றுகிறது. வாசற்காவல் சொல்வது குட்டிகளைக் கைக்கெட்டும் தூரத்தில் விடுவதை. பால்மணம் சொல்வது கண்ணால் பார்க்க விடுவதை. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏழு குட்டிகளும் தாயும் இருந்தால், பார்ப்பவர் எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் தொட முடியாது. முதலில் சொல்லின் பொருளை முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது.

பால்மணம்:
பொருளில் எந்தக் குழப்பமும் இல்லை, காட்டுவது என்றால் காட்டுவது. ஏழு இருந்தால் ஏழையும் காட்ட வேண்டும். கேட்கிறேன், தாழிட்ட அறைக்குள் மற்ற ஆறும் இருமிக்கொண்டிருந்தால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

வாசற்காவல்:
காணொளியில் ஏழையும் காட்டுகிறேன், போதாதா? நேரில் வருகிறவர் ஏழையும் தொட்டே தீர வேண்டும் என்று கேட்டால் அது வேறு ஆபத்து. பார்வோக் கிருமி காலணியிலும் கையிலும் ஒட்டிக்கொண்டே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்துவிடும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது. முப்பது பங்கு நீருக்கு ஒரு பங்கு வெளுப்புத் திரவம் கலந்து, துடைத்துச் சுத்தம் செய்த தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டால் சாகும். ஒரே நாளில் நான்கு வீடுகளில் குட்டி பார்த்துவிட்டு ஐந்தாவதாக உங்களிடம் வருகிற ஒருவர், தடுப்பூசி முழுமையடையாத ஏழு குட்டிகளையும் தடவிக் கொடுத்தால் என்ன ஆகும்? பார்வோவில் குட்டியை இழந்த பால்மணமே இதைக் கேட்கிறாரே என்பதுதான் என் ஆற்றாமை.

பால்மணம்:
என் குட்டியின் சாவை எனக்கு எதிராகவே எடுத்துவைப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. இதற்குமேல் உங்களிடம் மரியாதையை எதிர்பார்க்க மாட்டேன்.

மூன்றாம் ஈற்று:
அது தவறான பேச்சு, வாசற்காவல். யார் என்ன சொன்னாலும் அது தவறு.

வாசற்காவல்:
புண்படுத்தும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் என்னைத் திருடன் என்ற கூட்டத்தில் சேர்த்தபோது யாரும் அதைத் தவறு என்று சொல்ல வரவில்லையே.

என்னிடம் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்காக மட்டும் மேலும் எழுதுகிறேன். விளம்பரத்தில் எத்தனை குட்டிகள் என்று போடாதீர்கள். எண்ணிக்கை தெரிந்தால் வருகிறவனுக்கு வேலை எளிது. கைபேசியில் எடுத்த படத்துக்குள் அதை எடுத்த இடம் எங்கே என்ற விவரம் பதிந்திருக்கக்கூடும், அந்த அமைப்பை அணைத்துவிட்டு எடுங்கள். சன்னலும் வாசலும் பின்னணியில் தெரிய வேண்டாம். ஒவ்வொரு குட்டிக்கும் ஓர் அடையாளத்தை, உள்தொடையில் உள்ள ஒரு புள்ளியையோ நகத்தின் நிறத்தையோ, யாருக்கும் காட்டாமல் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உரிமை கோரும்போது அது பேசும்.

பணம் அனுப்பிவிட்டேன் என்று கைபேசித் திரையைக் காட்டுவார்கள். அந்தப் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கணக்கைத் திறந்து பணம் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை குட்டி உங்கள் மடியில்தான் இருக்க வேண்டும். வீடு வேண்டாம், பாதி வழியில் சந்திக்கலாம் என்று அழைப்பவரிடம் பணத்தையும் இழந்து குட்டியையும் இழந்தவர்கள் உண்டு. வந்தவரின் அடையாள அட்டையையும் வண்டி எண்ணையும் படமெடுக்கக் கூச்சப்படாதீர்கள்; நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். குட்டி போய்விட்டதென்றால் அன்றே காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள், சிப் பதிவேட்டிலும் திருட்டு என்று குறிக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2024இல் நாய், பூனைக் கடத்தலைத் தனிக்குற்றமாக்கி ஐந்தாண்டு வரை சிறை என்று சட்டமே கொண்டுவந்தார்கள். அது ஏதோ ஒரு பொருள் களவுபோனது போன்றதல்ல என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

நேர்க்கோடு:
கம்பித் தடுப்பைப் பற்றி இருவருமே பதில் சொல்லவில்லை.

பால்மணம்:
ஒரு குட்டியை மட்டும் காட்டுகிறவரிடம் நான் வாங்க மாட்டேன். என்னைக் கேட்கும் எவரையும் வாங்க விடவும் மாட்டேன். எத்தனை பக்கம் எழுதினாலும் இது மாறாது.

வாசற்காவல்:
வாங்க வேண்டாம், நான் காட்டுவது தாயோடு ஒரு குட்டிதான். ஆனால் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. எத்தனை குட்டி என்று அந்த விதியில் எங்கே இருக்கிறது?