மெர்ஜர்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

வெளிப்புறத்தில் எடுத்த ஒளிப்படங்களை அலசும்போது ஓயாமல் தேவைப்படும் ஒரு சொல் நம் கலைச்சொல் பட்டியலில் இல்லை. நிற்பவரின் தலையிலிருந்து பின்னாலுள்ள கம்பம் முளைத்ததுபோல் தெரிவது, கறுத்த முடி இருண்ட புதரில் கரைந்துபோவது, ஃபிரேமின் விளிம்பு கணுக்காலைக் கத்தரிப்பது: இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் மெர்ஜர் என்பார்கள். கோடக் நிறுவனம் புதியவர்களுக்குச் சொன்ன ஆறு கம்போசிஷன் (படத்துக்குள் பொருட்களை அமைக்கும் முறை) வழிகாட்டல்களில், மெர்ஜரைத் தவிர்ப்பதும் ஒன்று.

நாமோ 'பின்னணி சரியில்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எது எதோடு சேர்ந்துவிட்டது, கேமரா எந்தப் பக்கம் போனால் பிரியும் என்று சொல்லாதவரை படம் எடுத்தவருக்கு அதனால் பயனில்லை. 'அருமை' என்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

'இணைவு' என்று முன்மொழிகிறேன்.

———

> 'இணைவு' என்று முன்மொழிகிறேன்.

ஐயா, இணைவு வேண்டாம். 'முன்னணியும் பின்னணியும் நல்ல இணைவு' என்றால் பாராட்டாகிவிடும். 'ஒன்றுதல்' அதைவிட மோசம். 'மறைப்பு' என்றும் சொல்ல முடியாது. ஒன்றை ஒன்று மறைப்பது குற்றமே இல்லை. மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து நிற்பதால்தான் படத்தில் ஆழம் கிடைக்கிறது. தனித்தனியாகத் தெரியவேண்டிய இரண்டு, ஒரே உடம்பாகத் தெரிவதே இங்கே சிக்கல்.

'ஒட்டு' எனலாமே? மாங்கன்றில் ஒட்டுக்கட்டுவதுபோல, தலையில் கிளை. 'கிளை தலையில் ஒட்டுகிறது' என்று வினையாகவும் வரும்.

———

> 'ஒட்டு' எனலாமே?

நல்ல வேர். ஆனால் கணினித் தமிழில் 'வெட்டு, ஒட்டு' நிலைத்துவிட்டது. படத்தைத் திருத்துகிறவர் 'ஒட்டை நீக்கு' என்று படித்தால் வேறெதையோ தேடுவார். 'உருவொட்டு' என்றால் அந்தக் குழப்பம் வராது.

அதைவிட முக்கியம், ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைக்கக் கூடாது. கம்பம் முளைத்ததற்கும் முடி கரைந்ததற்கும் மருந்து வேறு வேறு. ஆங்கிலத்தில் பொதுச்சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒரே பெயர் வைத்தால், விமர்சனம் மறுபடியும் மொட்டையாகிவிடும்.

கம்பம் முளைத்ததுபோல் உருவோடு உருவம் சேர்வதை மட்டும் உருவொட்டு என்போம். அது நேர்வது ஏன்? இரண்டு கண்ணால் பார்க்கும்போது கம்பம் தொலைவில் இருப்பது தானாகப் புரிகிறது. ஒற்றை லென்ஸ் அந்தத் தொலைவைத் தட்டையாக்கிவிடும். எடுக்குமுன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலே பாதி பிடிபடும். தீர்வு, நிற்கும் இடத்தை மாற்றுவது மட்டும்தான். ஜூம் செய்தாலும், படத்தின் ஓரத்தை வெட்டிக் கிராப் செய்தாலும் ஒட்டு அப்படியே இருக்கும். லென்ஸின் திறப்பை எஃப் 2.8 அளவுக்கு அகலமாக்கினால் கம்பம் மங்கித் தடித்த பட்டையாகும், போகாது.

எவ்வளவு நகர்வது என்பதற்குக் கணக்கு உண்டு (தூரங்கள் எல்லாம் கேமராவிலிருந்து). பின்னணியின் தூரத்திலிருந்து ஆளின் தூரத்தைக் கழித்து, வருவதைப் பின்னணியின் தூரத்தால் வகுத்து, நகர்ந்த அளவால் பெருக்க வேண்டும். ஆள் 2 மீட்டரில், கம்பம் 20 மீட்டரில் என்றால் 30 செ.மீ. நகர்ந்தால் கம்பம் ஆளின் இடத்தில் 27 செ.மீ. விலகும், தலையின் அகலம் 15 செ.மீ. அளவுதான், ஆகவே தப்பித்தது. ஆனால் படகு 400 மீட்டரிலும் பின்னாலுள்ள தீவு 500 மீட்டரிலும் இருந்தால் அதே 30 செ.மீ.க்கு 6 செ.மீ.தான். தீவை 10 மீட்டர் விலக்க 50 மீட்டர் நடக்க வேண்டும். 'கொஞ்சம் தள்ளி எடுத்திருக்கலாம்' என்ற அறிவுரை இங்கே வெறும் பேச்சு. நாம் எந்தப் பக்கம் போகிறோமோ, ஆளை ஒப்பிடப் பின்னணியும் அதே பக்கம் போகும்.

அடிவானம் கழுத்தை அறுப்பதும் உருவொட்டுதான். சமதரையிலோ கடற்கரையிலோ, அடிவானம் கேமராவின் உயரத்திலேயே ஆளை வெட்டும், ஆள் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும். 1.4 மீட்டரில் பிடித்தால் கழுத்து. 1 மீட்டருக்கு இறக்கினால் இடுப்பு, தலை முழுதும் வானத்தில். 'குனிந்து எடு' என்பதைவிட 'இடுப்புயரத்தில் பிடி' என்பது தெளிவான விமர்சனம்.

———

முடி புதரில் கரைவதற்கு 'நிறவொட்டு' போதுமா?

———

> 'நிறவொட்டு' போதுமா?

போதாது அம்மா, தவறான இடத்தில் தேடவைக்கும். சிவப்புப் பூவும் பச்சை இலையும் நிறத்தில் வேறு, வெளிச்ச அளவில் ஒன்றாக இருக்கலாம். கறுப்பு வெள்ளையாக்கினால் பூ காணாமல் போகும். 'ஒளிர்வொட்டு' என்பேன். கண்டுபிடிக்க, கேமராவின் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை) ஏற்றி இறக்கிப் பயனில்லை, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். வெளிச்சமான பின்னணிக்கு ஆளை நகர்த்தலாம். அல்லது வெயில் பின்பக்கத்திலிருந்து விழும்படி திருப்பினால் முடியின் ஓரம் ஒளிக்கோடாகப் பிரியும்.

விளிம்பு கத்தரிப்பதை 'விளிம்பொட்டு' என்று போட்டுவிடலாம். பல தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) படத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டையே காட்டும் என்பதால், எடுக்கும்போது தெரியாத கிளைநுனி படத்தில் வந்துவிடும். இது ஒன்றைத்தான் கிராப் சரிசெய்யும்.

———

மூன்றும் சம்மதம். 'பிழை' என்ற ஈறு மட்டும் சேர்க்க வேண்டாம். சூரியனை உள்ளங்கையில் ஏந்துவதுபோல எடுக்கும் படம் வேண்டுமென்றே செய்த உருவொட்டு.

இரண்டு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நுனியோடு நுனி உரசி நிற்பதற்குத் தனிப்பெயர் வேண்டும். மலையுச்சி மேகத்தின் கீழ்விளிம்பைத் தொட்டு நிற்பதுபோல. கணிதத்தில் தொடுகோடு இருக்கிறதே, 'தொடுநிலை' பொருந்துமா? விமர்சிக்கும்போது 'மேல் வலது, உச்சியும் மேகமும் தொடுநிலை. பிரி அல்லது நன்றாக மேலேற்று' என்று எழுதிப் பார்த்தேன். ஓடுகிறது. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.