என்.சி.சி. முகாமில் நிஜத் தோட்டா: பள்ளியில் என்ன கேட்க வேண்டும்?

திருச்சி அம்மா:
என் மகள் ஒன்பதாம் வகுப்பு, என்.சி.சி.யில் இருக்கிறாள். வரப்போகிற முகாமில் நிஜத் தோட்டா போட்டே சுட வைப்பார்களாம். அவளுக்கு ஒரே குஷி. எனக்குத்தான் நார்த்தாமலையில் துப்பாக்கிப் பயிற்சியின்போது குண்டு பட்டு ஒரு பையன் இறந்தது ஞாபகம் வந்து மனசு அடித்துக்கொள்கிறது. பள்ளியில் கேட்டால் "நாங்க பார்த்துக்கிறோம்மா" என்பதோடு சரி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நான் எதைக் கேட்க வேண்டும்?

முன்னாள் ஹவில்தார்:
பயப்படாதீர்கள் தங்கச்சி, ஆனால் கேட்பதை விடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தருவது பெரும்பாலும் பாயின்ட் 22 ரைஃபிள், 25 கஜத் தூரத்தில் இலக்கு, படுத்துக்கொண்டு சுடுவது. சின்ன ரைஃபிள்தானே என்று நினைக்கக் கூடாது, அந்தத் தோட்டாவும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். நான் அதிகம் பயந்த நேரம் எது தெரியுமா? தோட்டா வெடிக்காமல் போகும் நேரம். பிள்ளை "சார், சுடலை சார்" என்று துப்பாக்கியோடு அப்படியே திரும்பும், குழல் பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் போய் நிற்கும். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, படுத்த இடத்திலேயே கையை மட்டும் தூக்க வேண்டும். இதை வெறும் துப்பாக்கியில் பழக்கிய பிறகுதான் தோட்டாவைக் கையில் கொடுக்கணும். எத்தனை நாள் பழக்கினார்கள் என்று கேளுங்கள்.

புதுக்கோட்டைக்காரன்:
நார்த்தாமலை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 30, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் அங்கே உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை செய்தும் ஜனவரி 3ஆம் தேதி இறந்துவிட்டான். சுட்டவர்கள் பயிற்சி பெற்ற படையினர், அவர்களுக்கும் விதிப்புத்தகம் இருந்தது. இலக்கைத் தவறவிட்ட குண்டு எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. எஸ்.எல்.ஆர். என்கிற பெரிய ரைஃபிளின் தோட்டா 3 கிலோமீட்டருக்கு மேலும் போகும், பின்னால் இருக்கும் மண்மேடோ மலையோ அதைப் பிடிக்கவில்லை என்றால் சிவப்புக் கொடி மட்டும் என்ன செய்யும்? இதையெல்லாம் அந்தப் படையே சரிபார்த்து, ஏதாவது ஆனால் அந்தப் படையே விசாரிப்பது போதாது, வெளியாள் ஒருவர் வருடாவருடம் தளத்தைப் பார்க்கணும், அந்த அறிக்கை பக்கத்து ஊராட்சிக்கும் வரணும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய கேடட்:
அக்கா, நான் சுட்டிருக்கிறேன். எங்கள் முகாமில் தோட்டாவை எண்ணித்தான் கொடுத்தார்கள், சுட்டு முடித்ததும் காலி கோக்காவை, அதாவது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை, பொறுக்கி எண்ணி ஒப்படைக்கணும், அப்புறம் வரிசையில் நின்று "என்னிடம் தோட்டாவோ கோக்காவோ இல்லை" என்று ஒவ்வொருத்தியும் சத்தமாகச் சொல்லணும். கணக்கு இடித்தால் யாரும் நகர முடியாது. காதுக்குப் பஞ்சு கொடுத்து அனுப்புங்கள்.

திருச்சி அம்மா:
ரொம்ப நன்றி. அண்ணா, ஏதாவது தப்பாகத் தெரிந்தால் இவளே நிறுத்தச் சொல்லலாமா? சின்னப் பிள்ளை சொன்னால் கேட்பார்களா?

முன்னாள் ஹவில்தார்:
கேட்டே ஆகணும். சுடு என்று சொல்ல அங்கே பொறுப்பில் இருக்கும் ஒருவருக்குத்தான் அதிகாரம். நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் கத்தலாம், கத்திய பிள்ளையைத் திட்டக் கூடாது. முகாமுக்கு முன்னாலேயே பொறுப்பு அதிகாரி யார் என்று கேட்டு, இதை அவர் வாயாலேயே பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.