பழைய மாதிரி கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ்: பெட்ரோமாக்ஸ், டோலக் பழக்கம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர்கள் இந்த வருஷம் ஜெனரேட்டர், மைக் இல்லாமல், சின்ன வயசில் பார்த்த மாதிரியே வீடு வீடாகக் கேரல் போகிறார்கள். இரவு 9 மணிக்குக் கிளம்பினால் திரும்ப விடிகாலை 4 ஆகும். கையில் 2 பெட்ரோமாக்ஸ், ஒரு டோலக், ஜால்ரா.

பெரிய தலைவலி, பெட்ரோமாக்ஸுக்குள் வெளிச்சம் தரும் வலைத்துணியான மேண்டில்தான். ஒருமுறை எரித்துவிட்டால் அது வெறும் சாம்பல் வலை. மேடு பள்ளத்தில் ஒரு குலுக்கலில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை வழியாகப் பீறிடும் தீ நேரே கண்ணாடியில் அடித்து அதையும் விரிசல் விடவைக்கிறது. சும்மாடு வைத்துத் தலையில் சுமந்தால் அதிர்வு குறையும் (இப்போதைய பையன்கள் சுமப்பார்களா என்பது வேறு கதை). கம்பில் ஸ்பிரிங் மாட்டித் தொங்கவிட்டவர்கள் யாராவது உண்டா? எவ்வளவு நீள ஸ்பிரிங், எந்தக் கம்பி?

அடுத்தது டோலக். பனியில் தோல் ஈரம் இழுத்துத் தொய்ந்து, நள்ளிரவுக்குள் சுருதி இறங்கிவிடுகிறது. கயிற்று வளையங்களை இறுக்கினால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். வலப்பக்கத்தைத் தணலில் காட்டலாம். இடப்பக்கம் காட்டினால் உள்ளே பூசிய மசாலா இளகி ‘கும்’ நாதமே போய்விடும். பிளாஸ்டிக் தோல் போட்டு, கயிற்றுக்குப் பதில் போல்ட்டால் இறுக்கும் டோலக் வெட்டவெளியில் எப்படிக் கேட்கும்? கீர்த்தனைக்கு ஒத்துவருமா?

நாகர்கோவில், திருநெல்வேலி பக்கம் நல்ல மேண்டிலும் நாசில் பின்னும் (எண்ணெய் ஆவி வரும் துளையின் அடைப்பை எடுக்கும் ஊசி) கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். டிசம்பர் முதல் வாரத்துக்குள் வாங்கவேண்டும்.